தரைக்கு கீழ என்ன ஓடுதுன்னு நெட்வொர்க்குக்கு யாரு சொல்லித் தர்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மழைக்காலம் வந்துட்டா உங்க பேப்பர்ல அடிக்கடி ஒரு போட்டோ வரும், ரோட்ட வெட்டிப் போட்டு பைப்பெல்லாம் பிஞ்சு தொங்கிட்டு இருக்கும், கீழ "கேபிள் துண்டிப்பு, இணைய சேவை பாதிப்பு"ன்னு ரெண்டு வரி போட்டிருப்பீங்க. அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். ஒரு டெலிகாம் கம்பெனியோட நெட்வொர்க் கன்ட்ரோல் ரூம்ல ஷிப்ட் எஞ்சினியரா 13 வருஷமா இருக்கேன், கம்பெனி பேரு வேணாம். இப்ப எங்க பாத்தாலும் "நெட்வொர்க் இனிமே தன்னைத் தானே பாத்துக்கும், தானே ரிப்பேர் பண்ணிக்கும், எல்லாம் ஏஐ"ன்னு பேசறாங்க, உங்க பேப்பர்லயும் வந்துச்சு. அது வரணும்னு ஆசைப்படறவன்தான் நானு. ஆனா அதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய ஒரு வேலை இருக்கு, அதப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க, அதான் இந்த லெட்டர்.

நடந்த ஒண்ண சொல்றேன். ஒரு அக்டோபர் மாசம், ராத்திரி ஒண்ணே முக்கால் இருக்கும், நல்ல மழை. திடீர்னு ஸ்க்ரீன்ல அலாரமா கொட்டுது, அஞ்சு நிமிஷத்துல முந்நூறுக்கு மேல. வேளச்சேரி பக்கம் ஒரு பெரிய ஏரியாவே இருட்டு. அந்த ஏரியாவுக்கு ரெண்டு ரூட்ல ஃபைபர், அதாவது கண்ணாடி இழை கேபிள் போகுது, ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும், ரிங்குன்னு சொல்லுவோம். டயகிராம்ல ஒண்ணு நீலக் கோடு ஒண்ணு சிவப்புக் கோடு, ரெண்டும் வேற வேற ரோடு. ரெண்டு ரோட்லயும் ஒரே நிமிஷத்துல எப்படி கட் ஆகும், அப்ப ஃபைபரா இருக்காது, அந்தப் பக்கம் இருக்கிற ரூட்டருக்கு கரண்ட் போயிருக்கும்னு நான் நெனச்சேன், எங்க சாஃப்ட்வேரும் அதத்தான் சொல்லுச்சு. டீம அங்க அனுப்புனேன், தண்ணில வண்டிய தள்ளிக்கிட்டு அவங்க போய்ச் சேரவே ஒண்ணேகால் மணி நேரம், போய் பாத்தா ரூட்டர் ஜம்முனு ஓடிட்டு இருக்கு.

அப்புறம் ஓடிடிஆர் மெஷின வெச்சு பாத்தோம், ஃபைபருக்குள்ள வெளிச்சத்த அடிச்சு எத்தன தூரத்துல கட்டுன்னு சொல்ற மெஷின் அது. ஒரு கேபிள்ல 4.2 கிலோமீட்டர்னு காட்டுது, இன்னொண்ணுல 5.1 கிலோமீட்டர். ரெண்டு நம்பர், ரெண்டு கேபிள், ரெண்டு ரோடு. எனக்கு ஒண்ணும் ஓடல. வேற வழியில்லாம, முன்னாடி எங்ககிட்ட வேலை பாத்து இப்ப வேற கான்ட்ராக்டர்கிட்ட போயிட்ட ஒரு ஸ்ப்ளைசர், அதாவது அறுந்த ஃபைபர ஒட்டுற அண்ணனுக்கு மூணு மணிக்கு போன் அடிச்சேன். தூக்கத்துலயே எடுத்தாரு, நான் பாதி சொல்றதுக்குள்ள, "தம்பி, ரோடு வேற வேறதான், ஆனா கால்வாய தாண்டுற எடத்துல ரெண்டும் ஒரே பாலத்துல ஒரே பைப்புலதான் போகுது, மெட்ரோ வேலைக்கு அந்தப் பக்கம் மூடுனப்போ டெம்பரரியா மாத்திவிட்டோம், அப்புறம் யாரும் திருப்பி மாத்தச் சொல்லல, பாலத்தாண்ட போய் பாக்கச் சொல்லு"ன்னாரு. போய் பாத்தா அதேதான். மழைநீர் வடிகால் வேலைக்கு வந்த பொக்லைன் பக்கெட்ல பைப்பு மாட்டி இழுத்திருக்கு. 4.2ம் 5.1ம் ஒரே எடம், கெளம்பற எடந்தான் வேற.

ஒரு தார்ப்பாய நாலு பேர் புடிச்சுக்கிட்டு அதுக்கடியில உக்காந்து, செல்போன் டார்ச்ல, நீலம் ஆரஞ்சு பச்சை பிரவுன்னு கலர் பாத்து பாத்து தலைமுடி கனம் இருக்கிற ஒவ்வொரு இழையா சீவி தொடச்சு ஒட்டி முடிச்சப்போ மணி காலைல அஞ்சரை தாண்டிருச்சு. அந்த ஏரியால ஆஸ்பத்திரி இருக்கு, ஏடிஎம் இருக்கு, 108க்கு கூப்பிட வேண்டியவங்க இருக்காங்க. நாலு மணி நேரம். அதுல வேலைக்கு ஆனது ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, மிச்சம் எங்க கட்டுன்னு தேடுனது. தேடுனதுன்னு கூட சொல்ல முடியாது, ஒரு மனுஷனுக்குத் தெரிஞ்ச விஷயம் நெட்வொர்க்குக்குத் தெரியல, அவ்வளவுதான்.

அந்த அண்ணன்கிட்ட ஒரு நீட்டு நோட்டு இருக்கு, நான் பாத்திருக்கேன். எந்த மேன்ஹோல்ல எத்தன கேபிள், எந்த ஜாயின்ட்ல எந்த இழை கெட்டுப் போச்சு, எங்க மாத்துனாங்க, எல்லாம் பால்பாயின்ட் பேனாவுல படம் போட்டு எழுதி வெச்சிருப்பாரு. அவரு கான்ட்ராக்ட் மாறுன அன்னைக்கே அந்த நோட்டும் எங்கள விட்டுப் போயிருச்சு.

நெட்வொர்க் தன்னைத் தானே பாத்துக்கணும்னா அந்த நோட்டுல இருக்கிறது மெஷினுக்குப் புரியற மாதிரி எழுதப்பட்டிருக்கணும். கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இதுக்குன்னே தனியா ஒரு படிப்பு இருக்கு, நாலெட்ஜ் ரெப்ரசன்டேஷன்னு பேரு. பேரப் பாத்து பயப்பட வேணாம், நம்ம வீட்டு உறவுமுறை மாதிரிதான். யாருக்கு யாரு அப்பா, யாரு அம்மா, யாரு யாருகூட பொறந்தவங்க, யாரு ஆண் யாரு பொண்ணு, இத மட்டும் எழுதிட்டு, "அப்பாகூட பொறந்தவ அத்தை", "அத்தை பொண்ணு முறைப்பொண்ணு"ன்னு இந்த மாதிரி விதிங்களையும் எழுதிட்டா, ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் யாரு யாருக்கு என்ன முறைன்னு தனித்தனியா எழுத வேண்டியதில்ல, கேட்டா அதுவே கண்டுபிடிச்சு சொல்லிடும். அதே மாதிரி "இந்த லிங்க் இந்த கேபிள்ல ஓடுது", "இந்த கேபிள் இந்த பைப்புல போகுது", "இந்த பைப்பு இந்த பாலத்துல இருக்கு"ன்னு மூணு மூணு துண்டா எழுதி, "எது மேல இருக்கோ அது போனா இதுவும் போகும்"னு ஒரு விதி போட்டா, அந்த ராத்திரி ரெண்டு கேபிளும் செத்த அந்த நிமிஷமே "ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது பாலம் ஒண்ணுதான், அங்க போ"ன்னு மெஷினே சொல்லியிருக்கும். அதுக்கும் முன்னாடி, ரிங்க மாத்துன அன்னைக்கே "இது இனிமே ரிங் கெடையாது"ன்னு கத்தியிருக்கும்.

இதே உறவுமுறை இன்னொரு விஷயத்துக்கும் பொருந்தும். எங்க ஊர்ல சித்தப்பான்னா இன்னொரு ஊர்ல சின்னையா, ஆள் ஒண்ணுதான். நெட்வொர்க்ல ஒவ்வொரு கம்பெனியோட ரூட்டர் மாதிரி பெட்டியும் ஒரே கோளாறுக்கு ஒவ்வொரு பேர் வெச்சிருக்கு, ஒண்ணு சிக்னல் இல்லங்குது, ஒண்ணு பவர் கம்மிங்குது, இன்னொண்ணு வெறும் ஒரு நம்பரக் காட்டுது. முந்நூறு அலாரம்னா முந்நூறு பிரச்சனை இல்ல, ஒரே பிரச்சனைய முந்நூறு வாய் சொல்லுது. எந்தப் பேரு எந்தப் பேருக்கு சமம்னு ஒரு பொது அகராதி இருந்தாதான் மெஷின் அத ஒண்ணா சேத்துப் பாக்க முடியும். அந்த அகராதியத்தான் ஆன்டாலஜின்னு சொல்றாங்க.

இது நேத்து முளைச்ச யோசனையும் இல்ல. 2001லயே ஐபிஎம் கம்பெனியோட ஆராய்ச்சித் தலைவர் பால் ஹார்ன், நம்ம இதயம் நம்மகிட்ட கேக்காமலே துடிக்கிற மாதிரி கம்ப்யூட்டரும் தன்ன பாத்துக்கணும்னு சொன்னாரு. அந்த டீம்ல இருந்து 2003ல வந்த கட்டுரைல ஒரு வட்டம் போட்டிருப்பாங்க, கவனி, அலசு, திட்டம் போடு, செய்னு நாலு படி, நடுவுல "அறிவு"ன்னு ஒரு பெட்டி, நாலும் அந்த நடுப்பெட்டியப் பாத்துதான் வேலை செய்யணும். அதே 2003ல டேவிட் கிளார்க், 1980கள்ல இன்டர்நெட்டோட தலைமை வடிவமைப்பாளரா இருந்தவரு, இன்னும் மூணு பேரோட சேந்து இன்டர்நெட்டுக்கு ஒரு "நாலெட்ஜ் ப்ளேன்", அதாவது அறிவுத் தளம் வேணும்னு எழுதுனாரு. இன்டர்நெட்டோட நடுப்பகுதி பாக்கெட்ட, அதாவது டேட்டா துண்ட வாங்கித் தள்றதோட சரி, அது எதுக்கு ஓடுதுன்னு அதுக்குத் தெரியாது, ஓரத்துல போனும் கம்ப்யூட்டரும் வெச்சிருக்கிறவனுக்கு ஏதோ கெட்டுப் போச்சுன்னு தெரியும் ஆனா எங்கன்னு தெரியாது, என்ன நடக்கணும்ங்கிற அறிவு நடுவுல இல்ல, அதான் மனுஷன் கையால தேட வேண்டியிருக்குன்னு அதுல சொல்லியிருப்பாங்க. நான் அத மொத தடவை படிச்சப்போ என் கன்ட்ரோல் ரூமப் பாத்து எழுதுன மாதிரியே இருந்துச்சு. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த நாலு படிக்கும் எத்தனையோ சாஃப்ட்வேர் வாங்கிட்டோம், நடுப்பெட்டி மட்டும் இன்னும் காலியாத்தான் கெடக்கு. ரூட்டர் மாதிரி பெட்டிங்கள கவனிக்க 1988ல வந்த எஸ்என்எம்பின்னு ஒரு முறை இருக்கு, இன்டர்நெட்டுக்கு விதிமுறை வகுக்கிற ஐஇடிஎஃப் அமைப்பு 2010ல கொண்டுவந்த யாங்னு ஒரு மொழி இருக்கு, பெட்டியோட செட்டிங்க அழகா சொல்லும். ஆனா பெட்டிய விட்டு வெளிய வந்து பாலத்துல போற பைப்ப எங்ககிட்ட அதுல யாரும் எழுதி வைக்கல.

அறிவு இல்லாம தானா வேலை செய்ய விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு 2021 அக்டோபர் 4 ஒண்ணு போதும். ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூணும் உலகம் முழுக்க சுமார் ஆறு மணி நேரம் படுத்துச்சே, ஞாபகம் இருக்கும். மெயின்டனன்ஸ் அப்போ கொடுத்த ஒரு கமாண்ட் அவங்க டேட்டா சென்டருங்கள ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற முதுகெலும்பு நெட்வொர்க்கையே இறக்கிருச்சு, அத தடுக்க வேண்டிய செக்கிங் டூல்ல பிழை. ஆனா கவனிக்க வேண்டியது அதுக்கு அடுத்து நடந்தது. நாம தட்டுற வெப்சைட் பேர நம்பர் முகவரியா மாத்தித் தர்ற அவங்க டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஒரு தானியங்கி விதி இருந்துச்சு, டேட்டா சென்டர தொட முடியலன்னா நாமதான் கெட்டுப் போயிட்டோம், இன்டர்நெட்ல இருந்து நம்ம முகவரிய எடுத்துக்குவோம்னு. ஒரு எடத்துல ஒரு சர்வர் கெட்டா அது ரொம்ப நல்ல விதி. அன்னைக்கு எல்லா சர்வரும் ஒரே நேரத்துல அதே விதிய பாத்து, நாமதான் கெட்டோம்னு நெனச்சு, எல்லாம் ஒட்டுமொத்தமா காணாமப் போச்சு. "எல்லாருமே ஒரே நேரத்துல கெட்டுப் போக வாய்ப்பு கம்மி, கோளாறு வேற எங்கயோ இருக்கு"ன்னு ஒரு வரி அறிவு அதுங்ககிட்ட இல்ல. அடுத்த வருஷம் 2022 ஜூலை 8, கனடால ரோஜர்ஸ்னு ஒரு டெலிகாம் கம்பெனி, ஒரு கோடிப் பேருக்கு மேல சேவை போச்சு, அவசர எண் கூட பல பேருக்கு கெடைக்கல. ரிப்பேர் பண்ண வேண்டியவங்களாலயே ஒருத்தர ஒருத்தர் கூப்பிட முடியல, அவங்க போனும் ரிப்பேர் பண்ண உள்ள போற வழியும் அதே செத்துப் போன நெட்வொர்க் மேலதான் இருந்துச்சு. எது எத நம்பி இருக்குன்னு எழுதிப் பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

இத சொன்னா எங்க ஆபீஸ்ல சின்னப் பசங்க "சார், இப்பல்லாம் அத கையால எழுத வேணாம், டேட்டாவ குடுத்தா ஏஐ அதுவே கத்துக்கும்"ங்கறாங்க. கத்துக்கும், நானும் ஒத்துக்கறேன், எத்தனையோ விஷயத்துக்கு அது பிரமாதம். ஆனா காசிமேட்டப் பாருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, துறைமுகத்துல விடிகாலை ஏலத்துக்கு வர்ற கூட்டம் அடங்கிப் போகும். ராத்திரி ஆள் இல்லன்னா கரண்ட் மிச்சம் பண்ண டவர்ல பாதிய தானா தூங்க வைக்கிற வசதி இப்ப இருக்கு. ரெண்டு மாச டேட்டாவ மட்டும் பாத்து கத்துக்கிட்ட மெஷின், இங்க விடிகாலைல யாரும் வர மாட்டாங்கன்னு முடிவு பண்ணி தூங்க வெச்சுட்டுத்தான் இருக்கும். தடை முடிஞ்சு படகுங்க மொத மீனோட திரும்பற அன்னைக்கு, கூட்டம் அலைமோதறப்போ, பல பேருக்கு ஜிபே போகாது. அந்தத் தேதி காசிமேட்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரே வரி. எழுதி வெச்சிருந்தா போதும்.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது. நாம பயன்படுத்தற சாதாரண டேட்டாபேஸ்ல ஒண்ணு எழுதலன்னா அது இல்லன்னு அர்த்தம். "ரெண்டு கேபிளும் ஒரே பைப்புல போகுது"ன்னு யாரும் எழுதல, அதனால வேற வேற பைப்புல போகுதுன்னு எங்க சாஃப்ட்வேர் முடிவு பண்ணிச்சு, அந்த ராத்திரி என்னை ஏமாத்துனது அதுதான். அறிவ எழுதறதுக்குன்னு, வெப்புக்கு விதிமுறை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு 2004ல கொண்டு வந்த ஆவ்ல் மாதிரி மொழிங்கள்ல இது தலைகீழ், எழுதலன்னா "தெரியாது"ன்னுதான் அர்த்தம், இல்லன்னு கெடையாது. வேற வேற ரூட்டுன்னு யாராவது பாத்து உறுதியா எழுதற வரைக்கும் அது நம்பாது. எனக்குத் தெரியாது, ஒரு ஆள் போய் பாத்துட்டு வாங்கன்னு சொல்ற நெட்வொர்க்தான் எனக்கு வேணும். தெரியாததயும் தெரிஞ்ச மாதிரி அடிச்சு சொல்ற ஏஐய ராத்திரி ரெண்டு மணிக்கு வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது.

வெள்ளம்னு வந்தா இது இன்னும் பெருசு. 2015 டிசம்பர யாரும் மறந்திருக்க முடியாது, தண்ணில மாட்டுனவங்க போன்ல சிக்னல் இல்லாம தவிச்சது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் அதே கதைதான், வேளச்சேரி பள்ளிக்கரணை முடிச்சூர் பக்கமெல்லாம் கரண்ட் இல்ல போன் இல்ல. டவர் ஒண்ணும் சட்டுனு சாகறதில்ல சார். பாதுகாப்புக்காக இபி லைன் ஆஃப் பண்றாங்க, பேட்டரி சில மணி நேரம் தாங்குது, அப்புறம் டீசல் ஜெனரேட்டர், டீசல் தீர்ந்தா ஆள் கேன்ல கொண்டு போகணும், ரோட்ல இடுப்பளவு தண்ணி, அவ்வளவுதான் முடிஞ்சுது. எந்த டவர் எந்த சப்ஸ்டேஷன நம்பி இருக்கு, டீசல் எத்தன மணி நேரத்துக்கு இருக்கு, போற வழி எந்த சப்வே, அந்த சப்வே எத்தன மழைக்கு மூடும், இதெல்லாம் இபிகாரங்களுக்கு கொஞ்சம், மாநகராட்சிக்கு கொஞ்சம், டீசல் டெக்னீஷியனுக்கு கொஞ்சம்னு தனித்தனியா தெரியும். ஒண்ணா எழுதியிருந்தா, எந்த டவர் எத்தன மணிக்கு சாகும்னு நெட்வொர்க்குக்கு முன்னாடியே தெரியும், வீடியோவ நிறுத்திட்டு பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் பேட்டரிய மிச்சம் புடிக்கும், பக்கத்து டவர்ல டீசல் ரொப்பச் சொல்லும், மொட்டைமாடில நிக்கிறவங்களுக்கு இன்னும் ஆறு மணி நேரம் போன் உயிரோட இருக்கும்.

ரோட்ட தோண்டுறதுக்கு முன்னாடி கேபிள் வெச்சிருக்கிறவங்களுக்கு தகவல் சொல்ல "கால் பிஃபோர் யூ டிக்"னு ஒரு ஆப் 2023 மார்ச்ல மத்திய அரசு கொண்டு வந்தாங்க, தோண்டி அறுக்கறதால நாட்டுக்கு வருஷம் சுமார் 3,000 கோடி நஷ்டம்னு அப்ப சொன்னாங்க. நல்ல ஆரம்பம். ஆனா தோண்டறவரு கேக்கறப்போ பதில் சொல்ல வேண்டிய கம்பெனிக்கே தன் கேபிள் எங்க போகுதுன்னு சரியாத் தெரியலன்னா அந்த ஆப் என்ன பண்ணும்? மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை ஒரு பக்கம், வடிகால் வேலை ஒரு பக்கம், குடிநீர் ஒரு பக்கம், ஒவ்வொரு தடவையும் கேபிள தற்காலிகமா நகத்தறோம், அந்த தற்காலிகம் வருஷக்கணக்குல நிக்குது, பேப்பர்ல ஏறறதே இல்ல.

அதனால நான் கேக்கறது இதுதான். கேபிள ஒட்டுனவரு எழுதித் தராம அந்த ரிப்பேர் டிக்கெட்ட, அதாவது கோளாறுப் பதிவ, குளோஸ் பண்ணக் கூடாது, எந்த பைப்பு, எந்த பாலம், எது தற்காலிகம்னு தமிழ்லயே போன்ல தட்டுனா போதும், அத மெஷின் மொழிக்கு மாத்தறது எங்க வேலை. அப்படி எழுதறதுக்கு அந்த ஸ்ப்ளைசருக்கு தனியா காசு தரணும், இப்ப ஜாயின்ட்டுக்கு இவ்வளவுன்னுதான் கூலி, அவரு தலைக்குள்ள இருக்கிற அறிவுக்கு ஒரு பைசா கெடையாது, அப்புறம் ஏன் எழுதுவாரு. அதே மாதிரி மாநகராட்சி ரோடு கட் அனுமதி தர்ற எடத்துலயே எல்லா கம்பெனி பதிவும் ஒரே அகராதில இருந்து, "இந்த எடத்த வெட்டுனா எந்த ஆஸ்பத்திரிக்கு லைன் போகும்"னு கேட்டா பதில் வரணும். முழு மேப்பும் எல்லார் கைலயும் போகக் கூடாது, அது ஆபத்து, கேள்வி கேட்டா பதில் மட்டும் வரட்டும், அதுக்கும் வழி இருக்கு.

வேலை போயிடும்னு பயப்படற தம்பிங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், அந்த ராத்திரி வேலைய முடிச்சது ஒரு மனுஷனோட ஞாபகம். அத எழுதறதுக்கும், எழுதுனது சரியான்னு மேன்ஹோல்ல எறங்கி பாக்கறதுக்கும் ஆள் வேணும், இப்ப இருக்கிறத விட ஜாஸ்தி வேணும். நம்ம எஞ்சினியரிங் காலேஜ்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு லேப்டாப்லயே ஒரு பொய் நெட்வொர்க்க ஓட்டிப் பாக்கறாங்க, அதுக்குப் பதிலா ஒரு தெருவ எடுத்துக்கிட்டு, ஒரு ஸ்ப்ளைசர் கூட ரெண்டு நாள் சுத்தி, அங்க தரைக்குக் கீழ இருக்கிறத இந்த மாதிரி எழுதிக் காட்டச் சொல்லுங்க. உங்க பேப்பர் அறிவியல் பக்கத்துலயும் இதப் பத்தி விரிவா ஒண்ணு போடுங்க சார், படிச்சுட்டு யாராவது ஒரு அதிகாரி போன் எடுத்தாக்கூட போதும்.

அந்த அண்ணன்கிட்ட போன வாரம் பேசுனேன், நோட்டக் குடுங்கண்ணே நான் லீவு நாள்ல உக்காந்து ஏத்தறேன்னு கேட்டேன். "தர்றேன் தம்பி, ஆனா மழைல நனைஞ்சு பாதிப் பக்கம் ஒட்டிக்கிச்சு, நீ வா, நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்"ன்னாரு. ஞாயித்துக்கிழமை போறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், நெட்வொர்க் ஷிப்ட் எஞ்சினியர்,
மடிப்பாக்கம், சென்னை - 91